வரைந்த கை

சர் ஜான் அபட் (1821–1893), கனடா மண்ணில் பிறந்த முதல் பிரதமர். 1891 ஜூனில் மக்டொனால்ட் மறைந்ததும் பதவியேற்று, அடுத்த ஆண்டு நவம்பரில் உடல்நலம் குன்றி விலகியவர். வரலாற்று நூல்கள் அவரை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. அப்பத்தியிலும் தவறாமல் இடம்பெறுவது அவர் எழுதாத ஒரு தந்தி.

1872, தேர்தல் சமயம். பசிபிக் ரயில்பாதை உரிமையை நாடிய கப்பல் முதலாளி ஹ்யூ ஆலனுக்கு அபட் சட்ட ஆலோசகர். ஆலனின் பணம் ஆளுங்கட்சிக்குச் சென்ற வழியும் அவரே. இன்னும் பத்தாயிரம் டாலர் வேண்டுமென மக்டொனால்ட் விடுத்த தந்தி, மாண்ட்ரியலில் இருந்த அபட்டின் அலுவலகத்திலிருந்து களவுபோய், 1873இல் பத்திரிகைகளில் வெளியாயிற்று. ஆட்சி போயிற்று. பழி மக்டொனால்டுக்கு, அபட் வெறும் இடையாள். இதுவே பொதுவான தீர்ப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

அபட் சொல்லையே தொழிலாகக் கொண்டவர். 1864இன் திவால் சட்டத்தை வரைந்தவர். அதே ஆண்டு வெர்மாண்டின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் வங்கிகளைக் கொள்ளையிட்டு எல்லை கடந்து வந்த தென்மாநிலப் படையினருக்காக வாதாடியவர். மக்கில் பல்கலைக்கழகச் சட்டத்துறைக்குக் கால் நூற்றாண்டு தலைவர். 1849இல் கனடாவை அமெரிக்காவோடு இணைக்கக் கோரிய அறிக்கையில் ஒப்பமிட்டவர். பிற்காலத்தில் அதை இளமைக் கோபம் என்று ஒதுக்கினார். கையொப்பத்தை அத்தனை எளிதாக ஒதுக்கிவிட முடியுமா என்ன?

நான் அவரைத் தேடுவது தந்தியில் அன்று, 1880ஆம் ஆண்டின் கனடிய பசிபிக் ரயில்வே ஒப்பந்தத்தில். அதன் சட்டவடிவம் அபட்டுடையது. நிறுவனத்துக்கு 2.5 கோடி டாலர், 2.5 கோடி ஏக்கர் நிலம். அந்நிலத்தின் பூர்வகுடிகள் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகவே இல்லை. பதினாறாம் பிரிவு இன்னும் துணிச்சலானது. ரயில்பாதைக்கும் நிலையங்களுக்கும் என்றென்றைக்கும் வரி கிடையாது. இனிமேல் உருவாகப்போகும் மாகாணங்களும் விதிக்கலாகாது. நம் செப்பேடுகளில் சந்திராதித்தர் உள்ளவரை இறையிலி என்று பொறித்ததை வகுப்பில் விளக்கிப் பழகிய எனக்கு இந்நடை அந்நியமாகப் படவில்லை. ஆனால் செப்பேடுகளை எழுதியவர்கள்கூட இன்னும் பிறவாத நாடுகளைப் பெயர்சுட்டாமல் கட்டிப்போட்டதாக நான் படித்ததில்லை.

சஸ்காட்செவன் மாகாணம் பிறந்தது 1905இல். அதன் தோற்றச் சட்டத்திலேயே அந்தச் சலுகை பதிந்துவிட்டது. புல்வெளியில் வீடு கட்டிய உழவன் வரி செலுத்தினான். அவன் கோதுமையை ஏற்றிச் சென்ற பாதை விலக்குப் பெற்றது. எழுதுகிறவன் கட்சிக்காரனின் கருவி மட்டுமே என்பார்கள். இவ்வளவு தொலைநோக்கோடு ஒரு வாக்கியம் அமைத்தவரைக் கருவி என்று எப்படிச் சொல்வது?

மாண்ட்ரியலில் ஃப்ரேசர் நிறுவன இலவச நூலகத்துக்கு அவர் தலைமை வகித்ததும், ஆர்க்கிட் மலர்களைப் பேணி வளர்த்ததும் எனக்குத் தெரியாதவை அல்ல. அவை அவருடைய நல்ல பக்கங்கள். கட்டிய வரியைத் திருப்பித் தரும்படி நிறுவனம் சஸ்காட்செவன் மீது வழக்குத் தொடுத்ததோ நம் காலத்தில். அந்த வாக்கியத்தின் பிடியிலிருந்து மாகாணத்தை விடுவிக்க 2022இல் கனடாவின் அரசியலமைப்பையே திருத்த வேண்டியதாயிற்று.