மணல் மூடிய ஊர்

வல்லிபுர ஆழ்வாரைத் தரிசியாதவர் யாழ்ப்பாணத்தில் அரியர். புரட்டாதிப் பூரணையையொட்டிக் கடற்றீர்த்தம் ஆடுதற்குப் பெருந்திரளான அடியார்கள் அம்மணலைக் கடந்து செல்கின்றனர். தம் காலடியிலே பழைய ஊரொன்று புதையுண்டு கிடக்கின்றது என்பதை எண்ணுவோர் சிலரே.

குடிகள் நீங்கிய ஊரிலே எஞ்சுவது யாது? மண்சுவரும் ஓலைக்கூரையும் சில மாரிகளில் அழிந்துபோம். இதனை நம் காலத்திலேயே கண்டோம். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு நீங்கியோர் பல்லாண்டுகளின் பின் மீண்டபோது, வேலியும் வீடுமின்றிக் கிணற்றைக் கொண்டே தம் வளவை இனங்கண்டோரும் உளர்.

ஆனால் உடைந்த பானையோடு எளிதில் அழிவதில்லை. அதனாலேயே ஆராய்ச்சியாளர் அதனைப் பெரிதும் மதிக்கின்றனர். இங்கிலாந்திலே வாரம் பேர்சி என்னும் சிற்றூர், உழுநிலம் செம்மறிகளின் மேய்ச்சல் நிலமாக மாறியமையால் 1500ஆம் ஆண்டளவிற் குடியொழிந்தது. பெரஸ்போர்ட், ஹேர்ஸ்ட் என்னும் அறிஞர் இருவர் 1950களில் தொடங்கிய அகழ்வு 1990 வரை நீடித்தது. அவர்கள் தேடியது பொன்னையன்று. உழவர் வாழ்ந்த வாழ்வையே.

வல்லிபுரத்திலோ பொன்னும் கிடைத்தது. 1936இல் பழைய கட்டடமொன்றின் அத்திவாரத்தின்கீழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பொற்றகடு வெளிப்பட்டது. நாகதீபத்தின் பெயர் தாங்கிய அதனைப் பரணவிதான வசப மன்னன் காலத்ததெனக் கொண்டார். யாழ்ப்பாண அரசின் தலைநகராகிய சிங்கைநகர் இவ்விடமே என்பார் முதலியார் இராசநாயகம், மறுப்பாரும் உளர்.

இவ்வழக்கிற்கு நடுவராகத் தக்கது அம்மணலே. தகடு ஓர் அரசனின் பெயரைக் கூறும். குடிகள் எத்துணைக் காலம் அங்கிருந்தனர், ஊர் எப்பொழுது சுருங்கிற்று என்பவற்றைக் கூறவல்லது, எந்தப் படையில் எவ்வகை ஓடு கிடக்கின்றது என்னும் ஒழுங்கேயாம். வடமராட்சி கிழக்கிலே மணல் அகழ்ந்து லொறிகளில் ஏற்றப்படுவதை நாம் அறிவோம். பழைய குடியிருப்பு நிலத்தில் அவ்வாறு அகழ்ந்தால் அவ்வொழுங்கு கலைந்துவிடும். ஓட்டைப் பின்னர் பொறுக்கி எடுக்கலாம். அது கிடந்த படையை மீட்டல் இயலாது.

ஆகவே மாணவர்களுக்கு ஒன்று கூறுவோம். மணலிலே பழைய ஓடு கண்டால் வீட்டுக்குக் கொண்டு செல்லாதீர்கள். கண்ட இடத்தையும் நாளையும் குறித்து, பல்கலைக்கழகத்துத் தொல்லியல் ஆசிரியர்களுக்கு அறிவியுங்கள். பெயர் தெரியாத நம் முன்னோருக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.