பின்வாசலில் நின்றவளும் 108 வண்டியும்

2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் ஆசிரியை இறந்தார். 28 வயது, இரண்டாவது பிரசவம். யூடியூப் காணொளிகளை நம்பி வீட்டிலேயே பிரசவம் பார்த்தார்கள். குழந்தை பிழைத்தது, தாய் உதிரப்போக்கில் இறந்துபோனார். கணவர் கைதானார். ஆனாலும் "நம்ம பாட்டியெல்லாம் ஆஸ்பத்திரிக்கா போனாங்க?" என்ற பேச்சு ஓயவில்லை. இப்போது அது படித்தவர்கள் வாயிலிருந்தே அதிகம் வருகிறது.

பாட்டி போகவில்லைதான். பாட்டிக்குப் பிரசவம் பார்த்தது யார்? பெரும்பாலும் நாவிதர் குடும்பத்து மருத்துவச்சி. பின்வாசல் வழியே வந்து, தொப்புள்கொடி அறுத்து, நஞ்சைப் புதைத்து, தீட்டுத்துணி அலசி, கொஞ்சம் நெல்லும் பழைய சேலையும் வாங்கிப் போனவர். வட மாநிலங்களில் அந்த வேலை பெரும்பாலும் தலித் பெண்கள் தலையில். பிள்ளையை முதலில் தொட்ட கை, மறுநாள் அதே வீட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தொடக்கூடாத கை. 'மரபு' பேசுபவர்கள் இந்தப் பகுதியை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

வீட்டில் பெற்றுக்கொள்ள விரும்பும் பெண்ணைக் குற்றவாளியாக்குவது நம் வேலையல்ல. பிரசவ வார்டுகளில் விழும் வசவையும் அடியையும் நம் வீட்டுப் பெண்களைக் கேட்டாலே சொல்வார்கள். இங்கிலாந்தில் பயிற்சி பெற்ற மருத்துவச்சி அரசு ஊழியராகவே வீட்டுக்கு வந்து பிரசவம் பார்க்கிறார். ஆனால் 2011இல் அங்கு வெளியான பெரிய ஆய்வைப் பாருங்கள்: வீட்டில் பெறத் திட்டமிட்ட முதல் பிரசவக்காரர்களில் நூற்றுக்கு 45 பேர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். ஏற்கெனவே பெற்றவர்களில் சுமார் 12 பேர். இதைத் தோல்வி என்று அங்கே யாரும் சொல்வதில்லை, ஏற்பாடே அப்படித்தான்.

இங்கே அந்த ஏற்பாடு இல்லை. 2018 முதல் ஒன்றிய அரசு உருவாக்கிவரும் மருத்துவச்சி செவிலியர்களும் மருத்துவமனைக்கே உரியவர்கள். ஆகவே மாற்று ஏற்பாடு முழுக்கக் குடும்பத்தின் தலையில் விழுகிறது. கடும் உதிரப்போக்கு இரண்டு மணி நேரத்தில் உயிரை வாங்கிவிடும். அதைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசி குளிரில் வைக்கப்பட வேண்டும். ரத்தமும் அறுவை அரங்கும் உள்ள மருத்துவமனை எது, நள்ளிரவு மழையில் அங்கு போக எத்தனை நிமிடம், உங்கள் கோப்பு ஏற்கெனவே அங்கு இருக்கிறதா? கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்தீர்களா? இதற்கெல்லாம் மேலாக, 'கிளம்பலாம்' என்று யார் சொல்வது? மாமியாரும் மாமனாரும் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும் என்றால் மருத்துவச்சி பக்கத்தில் இருந்தும் பயனில்லை.

வாசலில் காரும், போனில் மருத்துவர் நண்பரும் உள்ளவர்களுக்கு இந்தப் பட்டியல் எளிது. வேலூர் அல்லேரி மலையில் 2023இல் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாய் கையில் சுமந்து நடந்தார், வண்டி போகச் சாலை இல்லாததால். அந்த மலையில் வீட்டுப் பிரசவம் யாருடைய 'தேர்வு'?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருப்பூருக்குப் பிறகு வீட்டுப் பிரசவம் என்றாலே காவல்துறை என்ற பயம் பரவிவிட்டது. வழக்குக்கு அஞ்சும் குடும்பம் 108ஐ அழைக்கத் தயங்கும், உதிரம் ஓடிக்கொண்டிருக்கும்போதும். தாமதமாக வருகிறவரை வாசலிலேயே ஏசாமல் உள்ளே எடுக்க வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு அரசு எழுத்தில் உத்தரவிடட்டும். விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.