சீட்டு இல்லாத கல்

கல் பற்றி எழுதி ரொம்ப நாளாச்சு. இன்னிக்குக் கொஞ்சம் கோபத்தோட எழுதறேன், பொறுத்துக்குங்க.

போன ஞாயிறு இங்கே ஜெய்ப்பூரில் ஒரு கடை. தட்டில் டையோப்டேஸ். வெள்ளைக் கால்சைட் மேல் மரகதமே தோற்கிற பச்சையில் படிகங்கள். எந்த ஊர் என்றேன். "சுமேப்" என்றார். சீட்டு எங்கே? "பழைய காகிதம், அழுக்கா இருந்தது, எறிஞ்சுட்டேன். கல் அழகா இருக்கே, காகிதம் எதுக்கு சாப்?"

எதுக்கா?

டையோப்டேஸின் கதையே ஆள்மாறாட்டக் கதை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கஜகஸ்தானின் அல்டின்-டியூபேயில் கிடைத்ததை மரகதம் என்றே நம்பினார்கள். மரகதத்தின் கடினம் 7.5-க்கு மேல், இதற்கு 5தான். இது செம்பின் சிலிக்கேட். 1797-ல் பிரெஞ்சுக்காரர் ஆயி இதற்குத் தனிப்பெயர் வைத்தார். ஆக, என்ன கல் என்பதைச் சோதனை சொல்லிவிடும். எந்த ஊர்க் கல்? அல்டின்-டியூபேயிலும் அதே சேர்மம்தான், நமீபியாவின் சுமேபிலும் அதே சேர்மம்தான். ஊரைச் சொல்ல சீட்டை விட்டால் அனுபவசாலியின் ஊகம்தான் மிச்சம். சுமேபின் பெரிய சுரங்கம் 1996-ல் மூடியாச்சு. பழைய சேகரிப்புகள்தான் கைமாறுகின்றன. அந்தப் பெயருக்கே தனி விலை. அப்புறம் பச்சையாய் இருப்பதெல்லாம் சுமேப் ஆகாமல் என்ன செய்யும்?

நான் பி.காம் படித்த வங்கிக்காரன். வீடு எவ்வளவு அழகா இருந்தாலும் தாய்ப்பத்திரம் இல்லாமல் கடன் கொடுத்ததில்லை. சீட்டிலும் போலி உண்டே என்பீர்கள். பத்திரத்திலும்தான் உண்டு. அதற்காகப் பத்திரமே வேண்டாம் என்கிறோமா?

ஒன்றை ஒத்துக்கொள்ளணும். நானும் யோக்கியனில்லை. ஒரு டிரான்ஸ்ஃபரில் மூட்டை கட்டும் அவசரத்தில், அசுரைட் வடிவத்திலேயே மாலகைட்டாக மாறிய படிகம் ஒன்றின் அட்டைப்பெட்டியைச் சீட்டோடு குப்பையில் போட்டேன். இன்று அதன் அட்டையில் "இடம்: தெரியாது" என்று இருக்கிறது. "சுமேப்னு எழுதிடேன், யார் கேக்கப் போறா?" என்றான் நண்பன். எழுதவில்லை. வெற்றிடத்தைவிடப் பொய் மோசம். நாளைக்கு என் பையன் அதை நம்புவான், அவனிடம் வாங்குகிறவனும் நம்புவான்.

அதனால் மக்களே, அழுக்கோ கிழிசலோ, பழைய சீட்டை எறியாதீர்கள். கல்லின் அடியில் சின்னதாய் ஓர் எண், நோட்டில் அதே எண். அவ்வளவுதான் வேலை. ஊகம் என்றால் ஊகம் என்றே எழுதுங்கள்.

அந்த டையோப்டேஸை வாங்கவில்லை. அந்தப் பச்சை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இருந்தாலும் வாங்கவில்லை.