நாம வர்ற இடத்துக்கு ஓட்டு!

கல்யாண ஆல்பத்தை யார் கையிலாவது கொடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளையையா பார்ப்பார்கள்? ஊஹூம்... பரபரவென்று புரட்டி, மூன்றாவது வரிசையில் பாதி மறைந்திருக்கும் தன் தலையைக் கண்டுபிடித்த பிறகுதான் மூச்சே விடுவார்கள். "சே, கண்ணை மூடிட்டேன் பாரு!"

டிமோனும் பும்பாவும் இதே கட்சிதான். 1994-ல் வந்த 'தி லயன் கிங்' படத்தில் சிங்கக்குட்டி சிம்பாவை வளர்க்கிற காமெடி ஜோடி. ஒன்று கீரி இனத்து மீர்கேட், இன்னொன்று ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி. பத்து வருஷம் பொறுத்துப் பார்த்தார்கள். 2004-ல் 'தி லயன் கிங் 1½' என்று தனிப்படமே போட்டுவிட்டார்கள்!

போன ஞாயிற்றுக்கிழமை என் ஆறு வயசுப் பெண், என் அப்பா, நான்... மூணு பேரும் வீட்டில் அதைப் பார்த்தோம். (எனக்கும் அப்பாவுக்கும் காலையிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. காரணம் அப்புறம்.)

படம் எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமோ? திரையில் பழைய 'லயன் கிங்' ஓடுகிறது. முன்னால் இரண்டு நிழல்கள். நம்ம ஜோடிதான்! டிமோன் கையில் ரிமோட். ராஜாவாவது, வாரிசாவது... தாங்கள் வருகிற இடத்துக்கு நேராக ஓட்டுகிறான். பும்பா நியாயஸ்தன். நடுவிலிருந்து பார்த்தால் யாருக்குப் புரியும் என்று தகராறு. கடைசியில், கதை தொடங்குவதற்கும் முன்னால் போகிறார்கள்.

அங்கேதான் விஷயம். பழைய படத்தில் குட்டி சிம்பாவைத் தூக்கிக் காட்டியதும் மிருகங்கள் எல்லாம் மண்டியிடுமே... புல்லரிக்கும்! இதில் காரணமே வேறு. கூட்டத்தைப் பார்த்தாலே பும்பாவுக்கு வயிறு கலங்கும். விட்டான் ஒரு வாயு! பக்கத்தில் நின்றவை சுருண்டு விழ, அதை மரியாதை என்று நினைத்து மற்றவையும் மண்டி போட்டுவிட்டன! என் பெண் சோபாவிலிருந்து உருண்டே விழுந்தாள்.

நான் பி.காம். எனக்கு எல்லாமே டபுள் என்ட்ரிதான். ஒவ்வொரு பற்றுக்கும் எங்கேயோ ஒரு வரவு இருந்தாகணும். 'லயன் கிங்'குக்கு மூலம் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' என்பார்கள். அந்த 'ஹாம்லெட்'டில் வருகிற இரண்டு சில்லறைப் பாத்திரங்களை ஹீரோவாக்கி டாம் ஸ்டாப்பர்ட் 1966-லேயே நாடகம் போட்டுவிட்டார். ஆக, ஓரத்தில் நிற்கிறவனுக்கும் ஒரு லெட்ஜர் உண்டு.

இப்போது காலைச் சண்டைக்கு வருவோம். ஏதோ பேச்சில், "முதல் இன்டர்வியூவுக்கே சென்னைக்குத் தனியாத்தான் போனேன். யாரும் எனக்கு ஒண்ணும் கிழிக்கலை" என்று வாயை விட்டிருந்தேன்.

படம் முடிந்ததும் அப்பா பேத்தியைக் கூப்பிட்டார்.

"உங்கப்பன் இன்டர்வியூ போன கதைக்கும் ஒரு ஒண்ணரை இருக்குடி."

"சொல்லு தாத்தா!"

"அவன் பஸ் ஏறினானா... அடுத்த பஸ்ஸில் நான். அந்த ஆபீசுக்கு எதிர்த்தாப்பல டீக்கடை. நாலு டீ, ரெண்டு வடை. சாயங்காலம் சிரிச்சுக்கிட்டே வெளியே வந்தான். நான் பேப்பரால மூஞ்சியை மறைச்சுக்கிட்டேன்."

"ஏன் தாத்தா மறைச்சே?"

"தனியா ஜெயிச்சிட்டோம்னு ஒரு சந்தோஷத்தில வர்றான். அதைக் கெடுக்கலாமா?"

எனக்குப் பேச்சே வரவில்லை. அந்த டீக்கடை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆளும் இருந்திருப்பார். நான்தான் அந்த இடத்தை வேகமாக ஓட்டிவிட்டேன்.

"ஏம்ப்பா இத்தனை நாள் சொல்லலை?"

"நீ எங்கேடா ரிமோட்டை என்கிட்டே கொடுத்தே?"

எழுந்து போய் அவருக்கு டீ போட்டுக்கொண்டு வந்தேன். வடைதான் இல்லை. தாத்தா மடியில் ஏறிய என் பெண் கேட்டாள்:

"அந்தக் கதையில நான் எங்கே வர்றேன் தாத்தா? அங்கே ஓட்டு!"