நிலம் அதிரும் முன்பே: 'டி-டே' தொடரின் முதல் நான்கு அத்தியாயங்கள்

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த 'தி ட்ராமா கோட்' எங்கள் ஆய்வாளர் விடுதியில் தொற்றுக் காய்ச்சலைப் போலப் பரவியது. அதைப் பார்த்து முடித்தவர்கள் பழைய கொரிய மருத்துவத் தொடர்களைத் தேடியெடுத்துப் பார்க்கத் தொடங்கினர். அவ்வரிசையில் நண்பர் ஒருவர் எனக்கு 'டி-டே'யைப் பரிந்துரைத்தார். 2015 செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஜேடிபிசி அலைவரிசையில் இருபது அத்தியாயங்களாக ஒளிபரப்பான தொடர் அது. பரிந்துரையோடு அவர் ஒரு வரியும் எழுதியிருந்தார்: "இப்படிப் பத்து மருத்துவர்கள் இருந்தால் போதும், ஒரு நாடு பிழைத்துக்கொள்ளும்." நான்கு அத்தியாயங்கள் பார்த்திருக்கிறேன். இந்தப் பதிவு அந்த ஒரு வரிக்கு எதிரானது.

கதை எளிது. சியோல் நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்குகிறது. மின்சாரம், குடிநீர், சாலை, தொலைத்தொடர்பு அனைத்தும் அறுந்துபோகின்றன. மிரே மருத்துவமனையின் அறுவை மருத்துவர் லீ ஹே-சங் எந்த நோயாளியையும் கைவிட மறுப்பவர். அதனாலேயே வருவாயில் கண்ணாக இருக்கும் நிர்வாகத்தோடு மோதுபவர். அவருக்கு எதிர்நிலையில் ஹான் ஊ-ஜின்: தேர்ந்த கை, குளிர்ந்த மனம், விதிகளை மீறாதவர். புசானிலிருந்து வந்த எலும்பு மருத்துவப் பயிற்சி மருத்துவர் ஜங் தோல்-மி இவர்களுக்கிடையே நிற்கிறார். 'மிரே' என்றால் கொரிய மொழியில் எதிர்காலம் என்று பொருள். அந்தப் பெயரைச் சூட்டியவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

நிலநடுக்கம் உடனே வந்துவிடுவதில்லை என்பது இத்தொடரின் சிறப்பு. தொடக்கப் பகுதியில் நாம் பார்ப்பது மருத்துவமனையின் அன்றாடம்: அவசர சிகிச்சைப் பிரிவு நட்டக் கணக்காகவும், உள்ளே வரும் உயிர் செலவினமாகவும் பார்க்கப்படும் அன்றாடம். இயக்குநர் ஜாங் யோங்-வூவும் எழுத்தாளர் ஹுவாங் உன்-கியுங்கும் இங்கே ஒரு பெரிய உண்மையின் வாசலுக்கு நம்மை அழைத்துச் செல்கின்றனர். ஆனால் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றனர். அந்த நட்டக் கணக்குக்கு ஒரு மனித முகத்தைக் கொடுத்து அதற்கு 'நிர்வாகத் தலைவர்' என்று பெயர் வைத்துவிடுகின்றனர். அவர் பேராசைக்காரர், ஆகவே மருத்துவமனை இப்படி இருக்கிறது. அவர் இடத்தில் நல்லவர் ஒருவர் அமர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாமும் நம்பத் தொடங்குகிறோம்.

தென்கொரியாவின் நிலைமை அப்படியன்று. 1989இலேயே நாடு முழுமைக்கும் மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கிய நாடு அது. கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. மருத்துவமனைகளோ பெரும்பாலும் தனியார் கையில். அரசு மருத்துவமனைகள் பத்தில் ஒன்றுகூட இல்லை. அவசர அறுவைக்கும் விபத்துச் சிகிச்சைக்கும் காப்பீடு தரும் தொகை செலவை ஈடுகட்டுவதில்லை என்று அத்துறை மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றனர். இந்த ஏற்பாட்டில் புனிதர் ஒருவரை நிர்வாகத் தலைவராக அமர்த்தினாலும் அவசர சிகிச்சைப் பிரிவு நட்டத்தில்தான் ஓடும்.

2013இல் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். 1910இல் தொடங்கப்பட்ட ஜின்ஜு அரசு மருத்துவமனையை, கடன் சுமையையும் தொழிற்சங்கத்தையும் காரணம் காட்டி, தெற்கு கியோங்சாங் மாகாண ஆளுநர் ஹாங் ஜூன்-பியோ மூடினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2015 மே மாதம், மெர்ஸ் தொற்று கொரியாவில் நுழைந்தது. 186 பேருக்குத் தொற்றியது. 38 பேர் இறந்தனர். தொற்று பெருமளவில் பரவியது நெரிசல் மிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில்தான். நோய் கண்ட மருத்துவமனைகளின் பெயர்களை அரசு ஜூன் 7 வரை மக்களுக்கு அறிவிக்கவில்லை. அந்தப் பதற்றம் அடங்கி இரண்டு மாதங்கள்கூட ஆகாத நிலையில்தான் 'டி-டே' ஒளிபரப்பானது. அதற்கு முந்தைய ஆண்டு சேவோல் கப்பலோடு 304 பேர் மூழ்கியிருந்தனர். கைவிடப்படுதல் என்றால் என்ன என்பதை நன்கறிந்த பார்வையாளர்கள் அவர்கள். அவர்களுக்குத் தொடர் தந்த ஆறுதல், கைவிடாத ஒரு மருத்துவர்.

அந்த ஆறுதல் மருத்துவ முறையிலேயே பிழையானது என்பதுதான் என் முதன்மையான மறுப்பு. பேரிடர் மருத்துவத்தின் அடிப்படை, ட்ரையாஜ் எனப்படும் தரம்பிரிப்பு. சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என அட்டைகள் கட்டப்படும். கறுப்பு அட்டை பெற்றவர் இறந்தவராகவோ, இருக்கும் வசதிக்குள் காப்பாற்ற இயலாதவராகவோ கருதப்படுகிறார். மருத்துவர் அவரைக் கடந்து அடுத்தவரிடம் செல்ல வேண்டும். இது கல்மனம் அன்று. ஒருவருக்காக நாற்பது நிமிடம் செலவிட்டால் வரிசையில் இருக்கும் மூவர் இறப்பர் என்ற கணக்கு. சாதாரண நாளில் எவரையும் கைவிடாமை அறம். பேரிடர் நாளில் அதே பிடிவாதம் கொலைக்கு நிகராகலாம். ஹே-சங்கின் குணத்தையும் நிலநடுக்கத்தையும் ஒரே கதைக்குள் வைத்தவர்களுக்கு இந்த முரண் தெரியாமல் இருந்திருக்காது. ஊ-ஜினைப் படைத்ததே அதற்குச் சான்று. ஆனாலும் இதுவரை பின்னணி இசையும் படக்கருவியும் யார் பக்கம் நிற்கின்றன என்பதில் ஐயமே இல்லை. ஊ-ஜின் சொல்வது சரியாக இருக்கும்போதும் அவர் முகத்தில் நிழல் விழுகிறது.

இன்னொன்று. இடிபாடுகளில் மணிக்கணக்கில் நசுங்கிக் கிடந்தவரை மேலே கிடக்கும் கல்லைத் தூக்கி விடுவிக்கும் கணமே அவருக்குப் பெரும் ஆபத்தான கணம். நசுங்கிய தசைகளிலிருந்து பொட்டாசியம் இரத்தத்தில் பாய்ந்து இதயத்தை நிறுத்திவிடலாம். தப்பினாலும் சிறுநீரகம் செயலிழக்கும். 1941இல், இலண்டன் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்களில், எரிக் பைவாட்டர்ஸ் இதை விரிவாகப் பதிவு செய்தார். அத்தகையவரைக் காக்கக் கல்லைத் தூக்குவதற்கு முன்பே நரம்பு வழியாகச் சலைன் செலுத்த வேண்டும். பின்னர் டயாலிசிஸ் வேண்டும். டயாலிசிஸுக்குத் தூய நீரும் தடையற்ற மின்சாரமும் தேவை. வீரம் அந்த இயந்திரத்தை ஓட்டாது. 1995இல் கோபே நிலநடுக்கத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்த ஜப்பான், தவிர்த்திருக்கக்கூடிய மரணங்களைக் கணக்கிட்டுப் பார்த்து, 2005இல் பேரிடர் மருத்துவக் குழுக்களை நாடளாவிய அமைப்பாக உருவாக்கியது. பாடம் படித்தது அமைப்பு. தனிமனித நாயகர்கள் அல்லர்.

'கொரியாவில் நிலநடுக்கமா?' என்று கேட்பவர்களுக்காக ஒரு குறிப்பு. தொடர் முடிந்த மறு ஆண்டே, 2016 செப்டம்பரில், கியோங்ஜு நகரருகே 5.8 அளவில் நிலம் அதிர்ந்தது. 2017 நவம்பரில் போஹாங்கில் 5.4. அதனால் நாடு முழுவதும் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. போஹாங் அதிர்வைத் தூண்டியது புவிவெப்ப மின் திட்டம் என்று அரசு அமைத்த ஆய்வுக்குழுவே 2019இல் சொன்னது. இயற்கைப் பேரிடர் என்ற சொல்லை நம் கருத்தரங்குகளில் எவ்வளவு எளிதாகப் பயன்படுத்துகிறோம்!

நண்பரின் வரிக்குத் திரும்புகிறேன். பத்து மருத்துவர்கள் வேண்டாம், ஒருவரை எடுத்துக்கொள்வோம். அஜு பல்கலைக்கழக மருத்துவமனையில் விபத்து அறுவை மருத்துவராக இருந்த லீ குக்-ஜோங். 2011இல் சோமாலியக் கடற்கொள்ளையரிடம் சுடப்பட்ட கப்பல் தலைவரையும், 2017இல் எல்லை தாண்டி ஓடிவந்து குண்டடிபட்ட வடகொரியப் படைவீரரையும் காப்பாற்றியவர். கொரியத் தொடர்களில் வரும் விபத்து அறுவை நாயகர்கள் பலரிடம் அவர் சாயலைப் பலரும் காண்கின்றனர். 2012இல் வட்டார விபத்துச் சிகிச்சை மையங்களுக்கு வழிவகுத்த சட்டத்திருத்தத்தை மக்கள் அவர் பெயராலேயே அழைத்தனர். நாடே கொண்டாடிய அந்த மனிதர், மருத்துவமனை நிர்வாகத்தோடு படுக்கைகள், ஆட்கள் தொடர்பாக நீண்ட காலம் மோதி, 2020இல் விபத்துச் சிகிச்சை மையத் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். நாயகன் இருந்தான், கைதட்டலும் இருந்தது. படுக்கை இல்லை.

அதற்குப் பின்னரும் நிலைமை மாறவில்லை. ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனையைத் தேடி ஆம்புலன்ஸ் சுற்றிச் சுற்றி வருவதைக் குறிக்கக் கொரிய நாளிதழ்களில் தனிச்சொல்லே நிலைபெற்றுவிட்டது. 2024 பிப்ரவரியில் மருத்துவக் கல்லூரி இடங்களை 2,000 உயர்த்த அரசு முடிவெடுத்தபோது ஆயிரக்கணக்கான பயிற்சி மருத்துவர்கள் பணியை விட்டு வெளியேறினர். எவ்வளவு பெரிய மருத்துவமனைகள் பயிற்சி மருத்துவர்களின் உறக்கமற்ற உழைப்பின்மீது நின்றிருந்தன என்பது அப்போது வெளிப்பட்டது. அவர்கள் பக்கமும் பிழை உண்டு என்பது என் கருத்து. அதைத் தனியாக எழுத வேண்டும்.

தோல்-மியின் புசான் வழக்கைத் தொடர் வேடிக்கையாகக் கையாள்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாகாணங்களிலிருந்து புற்றுநோயாளிகள் அதிவேக ரயிலேறிச் சியோலின் ஐந்து பெரிய மருத்துவமனைகளுக்கு வரும் நாடு அது. மருத்துவம் அனைத்தும் ஒரே நகரில் குவிந்திருப்பதால்தான் அந்நகரின் வீழ்ச்சி நாட்டின் வீழ்ச்சியாகிறது. தொடர் இதை அறியாமலே சொல்லிவிடுகிறது. அதன் மிக நேர்மையான பகுதியும் அதுதான்.

'பொழுதுபோக்குத் தொடரிடம் சுகாதாரக் கொள்கையை எதிர்பார்க்கலாமா?' என்று சக ஆய்வாளர் ஒருவர் கேட்டார். எதிர்பார்க்கிறேன். மருத்துவமனையை உள்ளிருந்து காட்டுவது அதுவே எடுத்துக்கொண்ட பணி. 2021 ஏப்ரலில் டெல்லியில் எங்கள் விடுதி அறையிலிருந்து விடிய விடிய ஆக்சிஜன் சிலிண்டருக்கான தொலைபேசி எண்களைச் சரிபார்த்துப் பகிர்ந்துகொண்டிருந்தோம். மறுமாதம் எங்களைப் பாராட்டிப் பலர் எழுதினர். ஏன் மாணவர்கள் அந்த வேலையைச் செய்ய நேர்ந்தது என்று கேட்டவர்கள் மிகச் சிலர். அந்தப் பாராட்டுகளின் கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை. ஹே-சங்கைப் பார்க்கும்போதெல்லாம் அது திரும்பி வருகிறது.

ஐந்தாம் அத்தியாயத்தை இன்றிரவு பார்ப்பேன். ஊ-ஜின் இறுதிவரை ஊ-ஜினாகவே இருப்பாரா, அல்லது அழுது திருந்தி ஹே-சங்கின் பக்கம் வந்துவிடுவாரா என்பதே எனக்குள்ள ஆவல். பார்த்தவர்கள் தயவுசெய்து முடிவைச் சொல்லிவிட வேண்டாம்.