புள்ளி தெரிகிறதா?

மதுரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாளாம். வீட்டில் வைத்துப் படிக்க ஒரு மானிட்டர் வாங்க வேண்டும், பெட்டியில் போட்டிருக்கும் எண்களில் எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தார். எங்கள் அலுவலகத்தில் பட்ட பாட்டையே அவருக்குப் பதிலாக எழுதுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் புரூஃப் பிரிவுக்கு 27 அங்குல மானிட்டர் ஒன்று வாங்கினோம். பெரிய திரை, கண்ணுக்குச் சுகம் என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். அடுத்த மாதமே ஒரு சிறுகதையில் 'மனம் நொந்து' என்று வரவேண்டியது 'மணம் நொந்து' என்று அச்சாகிவிட்டது. முப்பது வருடமாகப் புரூஃப் பார்க்கும் அண்ணன் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "பேப்பர்ல தெரியுது சார். திரையில மூணு சுழியும் ரெண்டு சுழியும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம் என்னை உறுத்தியது. முப்பது வருடத்தில் அவர் கண்ணைத் தப்பியவை மிகக் குறைவு.

அவர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தத் திரையின் ரெசல்யூஷன் 1920 × 1080. பழைய 24 அங்குலத் திரைக்கும் அதேதான். அங்குலத்துக்கு 92 பிக்ஸல் இருந்த இடத்தில் இப்போது 82. கோலத்தில் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் கோலம் அகலும், புள்ளி கூடாது. நாங்கள் செய்தது அதுதான். புரூஃப் பார்ப்பவர் பக்கம் முழுவதும் திரையில் விழும்படி சுருக்கி வைத்துக்கொள்வார். ஏ4 பக்கத்தை அப்படி வைத்தால், மெனுப் பட்டைகள் போக, 10 பாயின்ட் எழுத்துக்குக் கிடைக்கும் உயரம் சுமார் 11 பிக்ஸல். மேலே விசிறி, கீழே கால், நடுவே ணகரத்தின் மூன்று சுழி, தலையில் மெய்ப்புள்ளி எல்லாம் அந்தப் பதினொன்றுக்குள் அடங்க வேண்டும். 2560 × 1440 திரையில் அதே எழுத்துக்கு ஏறத்தாழ 15 கிடைக்கும். ஆங்கில எழுத்து பதினொன்றில் ஒருவாறு பிழைத்துக்கொள்ளும். தமிழுக்கு அந்த நாலு பிக்ஸல் பெரிய விஷயம்.

அதனால் மதுரை வாசகருக்கு நான் முதலில் சொல்வது: 1920 × 1080 என்றால் 24 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 27 அங்குலம் வேண்டுமென்றால் 2560 × 1440 கேளுங்கள். அங்குலத்துக்கு 109 பிக்ஸல் வரும். 4கே இன்னும் கூர்மை. ஆனால் லேப்டாப் பழையதாக இருந்து அதில் எச்.டி.எம்.ஐ. 1.4 மட்டும் இருந்தால், 4கே படம் நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும். மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகர்வதைப் பார்த்தே எரிச்சல் வந்துவிடும்.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 1 மில்லி செகண்ட் என்பது பிக்ஸல் நிறம் மாற எடுக்கும் நேரம்; அது விளையாட்டுப் பிள்ளைகளுக்கானது. கோடிக்கு ஒன்று என்று போட்டிருக்கும் கான்ட்ராஸ்டையும் நம்ப வேண்டாம். இருட்டுக் காட்சி வரும்போது பின்விளக்கை மங்கவைத்து எடுத்த கணக்கு அது. ஒரே படத்துக்குள் கிடைப்பது ஐ.பி.எஸ். பேனலில் 1000 அளவிலும், வி.ஏ. பேனலில் 3000 அளவிலும் இருக்கும். இரண்டுமே 178 டிகிரி என்று போட்டிருக்கும். கான்ட்ராஸ்ட் பத்துக்கு ஒன்றாக விழும்வரை 'தெரிகிறது' என்று கணக்கில் கொள்வதால் வரும் எண் அது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் வி.ஏ. வெளுப்பது உங்களுக்கே தெரியும். படிக்கிற பிள்ளைக்கு நான் ஐ.பி.எஸ்.தான் வாங்குவேன்.

சென்னை ரிச்சி தெருவில் எந்த மானிட்டர் கடைக்குப் போனாலும் திரையில் அருவியும் பஞ்சவர்ணக்கிளியும் ஓடிக்கொண்டிருக்கும். அதில் எல்லா மானிட்டரும் அழகுதான். வேறு மானிட்டர் வாங்க இரண்டாம் முறை போனபோது பென் டிரைவில் எங்கள் இதழின் ஒரு பக்கத்தைக் கொண்டுபோனோம். கடைப் பையன் முகம் சுளிக்காமல் போட்டுக் காட்டினான். அண்ணன் ஒரு கை தூரத்தில் நின்று, கண்ணாடியைக் கழற்றாமல், வரிவரியாகப் படித்தார். பிறகு திரை முழுவதையும் கறுப்பாக்கி, எங்காவது ஒரு புள்ளி அணையாமல் மின்னுகிறதா என்று தேடினோம். ஒன்றிரண்டு பிக்ஸல் பழுதாகியிருந்தால் பல கம்பெனிகள் மாற்றித் தருவதில்லை. எத்தனை வரை பொறுக்கச் சொல்வார்கள் என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஸ்டாண்டையும் மறக்காதீர்கள். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் வர வேண்டும். பழைய மானிட்டரின் ஸ்டாண்ட் ஏறாது, இறங்காது. அதன் அடியில் இரண்டு தீபாவளி மலர்களை அடுக்கி வைத்துத்தான் அண்ணன் வேலை பார்த்துவந்தார். புதியது வந்த அன்று அவற்றை வெளியே எடுத்து, அழுந்திப்போன அட்டைகளை உள்ளங்கையால் நீவி, அலமாரியில் அவற்றின் இடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

அன்புடன்,
ஆசிரியர்