ஓடாவியார் தந்த பழைய கடன்



1990 ஒக்டோபர் 30ஆம் திகதியை யாழ்ப்பாண முஸ்லிம்கள் எவரும் மறக்க மாட்டார்கள். இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் நம்மை வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வீடு, கடை, காணி யாவற்றையும் விட்டு வந்தார்கள். என் இரும்புக் கடையும் கடன் கொப்பியும் அதோடு போயின. உடுத்த உடுப்போடு புத்தளம் வந்து சேர்ந்தேன்.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்த பின், ஊரைப் பார்க்கப் போனேன். சோனகத் தெருவில் இடிந்து கிடந்த வீட்டு வாசலில் நின்றபோது வயதான ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். என்னிடம் கடனுக்குச் சாமான் எடுத்துவந்த தமிழ் ஓடாவியார்.

“தம்பி, பிணைச்சலும் ஆணியும் எடுத்த காசு 860 ரூபா நான் உமக்குத் தரவேணும். நாளைக்கும் நிற்பீரோ?” என்றார்.

மறுநாள் கொண்டுவந்து தந்தார். என்னிடம் கொப்பியும் இல்லை, சாட்சியும் இல்லை. 1995இல் யாழ்ப்பாணத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தபோது அவரும் எல்லாம் இழந்தவர். அவர் பேசாமல் போயிருந்தால் எனக்குத் தெரியவே வராது.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. ஏனென்றால் நானும் ஒரு கடன்காரன். 1990இல் ஒரு தமிழ் மொத்த வியாபாரிக்கு 11,000 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. ‘நம்மிடம் எவ்வளவோ பறித்தார்கள், இது அதோடு கழியட்டும்’ என்று மனதுக்குள் கணக்கை மூடியிருந்தேன். பறித்தது யார், கடன் தந்தது யார் என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு வெளியேறிய இரவில், தம்மைக் கொல்லத் திட்டமிட்ட ஊராரின் அமானிதங்களைத் திருப்பிக் கொடுக்க அலி (ரழி) அவர்களை விட்டுச் சென்றார்கள். அந்தப் பயணத்தில் வழிகாட்டியவரும் முஸ்லிமல்லர். நூறு ஒட்டகம் பரிசு என்று குறைஷியர் அறிவித்திருந்தும் அவர் காட்டிக் கொடுக்கவில்லை.

‘ரஹ்மான்’ என்ற திருநாமத்துக்கு, இவ்வுலகில் ஈமான் கொண்டவர், கொள்ளாதவர் எல்லோருக்கும் அருள்பவன் என்று ஆலிம்கள் விளக்கம் சொல்வார்கள். மழையும் ரிஸ்க்கும் மட்டும்தான் அந்த ரஹ்மத் என்று நினைத்திருந்தேன். ஓடாவியாரின் நெஞ்சில் இருந்த நேர்மையும் அவன் போட்டதுதான்.

மொத்த வியாபாரியைத் தேடிப் போனேன். அவர் மௌத்தாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. மகனுக்கு அந்தக் கடன் பற்றித் தெரியாது. காசைக் கொடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் ஆள் இல்லை.

இதைச் சொல்வதால் நமக்கு நடந்த அநீதி சிறிதாகிவிடாது. அதற்கு நியாயம் கேட்பது நம் உரிமை. ஆனால் ஒரு கூட்டம் செய்த கொடுமையை, அதே மொழி பேசும் நல்ல மனிதரின் கணக்கில் எழுதுவது பொய்க் கணக்கு. அந்த வியாபாரத்தில் பரக்கத் இராது.

சகோதரர்களே, உங்கள் பழைய கொப்பியை ஒருமுறை புரட்டுங்கள். கொடுக்க வேண்டியவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.